“தொடாதீர்” பலகைக்கு வயது என்ன?

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். தேநீர் போட்டு வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

எந்த அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தாலும் சிலைக்கு முன்னால் நம் கண்ணில் படுவது ஒரு பலகை. “பொருள்களைத் தொடாதீர்.” அருங்காட்சியகம் என்று ஒன்று பிறந்த அன்றே இந்தப் பலகையும் கூடப் பிறந்துவிட்டது என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படி இல்லை. அருங்காட்சியகம் அண்ணன், பலகை ரொம்பப் பின்னால் பிறந்த தம்பி.

இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டில் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் 1683-இல் திறக்கப்பட்டது. பொதுமக்களுக்கென்று திறந்த ஆக மூத்த அருங்காட்சியகங்களில் அதுவும் ஒன்று. 1710-இல் உஃபென்பாக் என்ற ஜெர்மானியப் பயணி அங்கே போனார். பெரிய படிப்பாளி, பணக்காரர். போனவர் தன் குறிப்பேட்டில் ஒரே புலம்பல். நாட்டுப்புறத்து ஆட்கள் உள்ளே வருகிறார்களாம். ஆறு பென்னி கொடுத்தால் பெண்களைக்கூட விட்டுவிடுகிறார்களாம். அவர்கள் இங்கும் அங்கும் ஓடி எல்லாவற்றையும் கையில் எடுத்துப் பார்க்கிறார்களாம், காவலர் சொன்னாலும் கேட்பதில்லையாம். அவருக்கு அது எரிச்சல். எனக்கோ அதைப் படித்தபோது சந்தோஷமாக இருந்தது. 300 வருடத்துக்கு முன்னால் கிராமத்துப் பெண் ஒருத்தி ஒரு பழம்பொருளைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்திருக்கிறாள்!

லண்டனில் பிரிட்டிஷ் மியூசியம் 1753-இல் சட்டத்தால் உருவாகி, 1759 ஜனவரி 15 அன்று திறந்தது. அறிவார்வம் உள்ள எவரும் வரலாம், கட்டணம் கிடையாது என்பது கொள்கை. நடைமுறை வேறு. பெயர், தகுதி, முகவரி எல்லாம் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். அலுவலர் பார்த்துச் சம்மதித்தால்தான் சீட்டு. அப்படி உள்ளே போய்விட்டவர்களுக்கு மரியாதை பலமாக இருந்தது. 1786-இல் சோஃபி ஃபொன் லா ரோஷ் என்ற ஜெர்மன் பெண் எழுத்தாளர் அங்கே போயிருக்கிறார். பழங்காலக் கண்ணாடியைக் கையில் வாங்கிப் பார்த்தார். ஈமத்தாழிக்குள் இருந்த சாம்பலை விரலால் தொட்டுப் பார்த்தார். இதையெல்லாம் அவரே எழுதி வைத்திருக்கிறார். அவரை யாரும் அதட்டவில்லை.

பிறகு எப்போது அதட்டல் வந்தது? 19-ஆம் நூற்றாண்டில் சீட்டு முறை தளர்ந்து, ஆலைத் தொழிலாளியும் வண்டிக்காரரும் குடும்பத்தோடு உள்ளே வர ஆரம்பித்தபோது. கனவான்களின் கை பட்டபோது தேயாத பொருள், தொழிலாளியின் கை படும் என்றதும் தேய்ந்துவிடும் என்று பயம் வந்தது. பாதுகாப்புக் காரணமே இல்லை என்று நான் சொல்லவில்லை. நூறு பேர் தொடுவதும் லட்சம் பேர் தொடுவதும் ஒன்றல்ல. வியர்வையில் உப்பு இருக்கிறது, எண்ணெய்ப் பசை இருக்கிறது. உலோகத்துக்கும் துணிக்கும் அது ஆகாது. ஆனால் அந்தப் பலகை எழுதப்பட்ட நாளில் மனதில் இருந்தது உப்பும் எண்ணெயும் மட்டும்தானா என்பதே என் சந்தேகம். “தொடாதே” என்ற சொல்லுக்கு நம் ஊரில் இருக்கும் வரலாறு உங்களுக்கே தெரியும். அதனால்தான் இந்தச் சந்தேகம் எனக்குச் சீக்கிரம் வருகிறது போலும்.

1845 பிப்ரவரி 7 அன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். போர்ட்லண்ட் குடுவை என்று ரோமானியர் காலத்துக் கண்ணாடிக் குடுவை ஒன்று. கருநீலத்தின் மேல் வெள்ளை உருவங்கள், அத்தனை அழகு. போதையில் வந்த ஓர் இளைஞர் பக்கத்தில் இருந்த கல்லைத் தூக்கிப் போட்டார். குடுவை 200 துண்டுகளுக்கு மேல் சிதறியது. வேடிக்கை என்னவென்றால், அன்றைய சட்டத்தின் ஓட்டையால் குடுவையை உடைத்ததற்குத் தண்டிக்க முடியவில்லை. அதை மூடியிருந்த கண்ணாடிப் பெட்டியை உடைத்ததற்கு 3 பவுண்ட் அபராதம்! கவனியுங்கள், குடுவை திறந்த மேசையில் இருக்கவில்லை, பெட்டிக்குள்தான் இருந்தது. அதைப் பொறுமையாக ஒட்டவைத்த கைகளுக்கு நன்றி, இன்றும் அது அங்கே இருக்கிறது.

நம் சென்னைக் கதைக்கு வருவோம். எழும்பூர் அருங்காட்சியகம் 1851-இல் தொடங்கியது. முதலில் பொறுப்பேற்றவர் எட்வர்ட் பால்ஃபர் என்ற மருத்துவர். 1855-இல் அவர் அங்கேயே உயிருள்ள விலங்குகளையும் வைத்தார். சென்னை உயிரியல் பூங்காவின் தொடக்கம் அதுதான். பிறகு விலங்குகள் பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போய்விட்டன. சென்னைக்காரர்கள் ஒன்றுக்கு “உயிர் காலேஜ்” என்றும் இன்னொன்றுக்கு “செத்த காலேஜ்” என்றும் பெயர் வைத்தார்கள். எந்தக் கல்வி அதிகாரியும் இவ்வளவு பொருத்தமாகப் பெயர் வைத்திருக்க மாட்டார். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூட அதைக் காலேஜ் என்றுதான் சொன்னார்கள். படிக்கிற இடம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கோயில் படியேற விடாமல் நிறுத்தப்பட்டவர்களும் ஒரு செப்புத் திருமேனியைப் பக்கத்தில் நின்று பார்க்க முடிந்த இடம் அது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் ஆலயப் பிரவேசம் நடந்ததே 1939 ஜூலை 8 அன்றுதான் என்பதை நினைத்துக்கொண்டால் இதன் கனம் புரியும்.

எல்லோரும் உள்ளே வரலாம் என்றாகிவிட்டது. ஆனால் வந்தவர்களில் சிலருக்கு உள்ளே எதுவுமே கிடைக்கவில்லை. கண் தெரியாதவர்களைச் சொல்கிறேன்.

இதை முதலில் யோசித்தவர்களில் ஒருவர் ஜான் ஆல்ஃபிரட் சார்ல்டன் டீஸ். இங்கிலாந்தின் வடகிழக்கில் சண்டர்லண்ட் என்ற ஊரின் அருங்காட்சியகக் காப்பாட்சியர். கப்பல் கட்டுகிற, நிலக்கரி ஏற்றுகிற ஊர். அந்த ஊர்ப் பார்வையற்றோர் பள்ளிப் பிள்ளைகளை அவர் அழைத்தார். பெட்டியைத் திறந்து பொருள்களைக் கையில் கொடுத்தார். பிறகு பெரியவர்களையும் அழைத்தார். அருங்காட்சியகத்தைப் பார்வையற்றோருக்குக் காட்டுவது எப்படி என்று 1913-இல் கட்டுரையே எழுதினார். பாடம் செய்த விலங்குகளையும் பறவைகளையும் பிள்ளைகள் இரண்டு கையாலும் தடவிப் பார்க்கும் புகைப்படங்கள் இன்றும் இருக்கின்றன. அந்தக் குழந்தைகளின் முகங்களை அவசியம் பாருங்கள். கேமராவுக்காக ஒருவரும் முகத்தை வைத்துக்கொள்ளவில்லை. அவர்களுக்கு கேமரா இருப்பதே தெரியாது. கையில் இருக்கும் பொருளிலேயே முழு முகமும் குவிந்திருக்கிறது.

அடுத்த வருடம் முதல் உலகப் போர் வந்துவிட்டது. அதற்குப் பிறகு இந்த யோசனை பரவலாக மறுபடி தலை தூக்க நெடுங்காலம் ஆயிற்று.

இந்த இடத்தில் என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து, சிவகங்கை மாவட்டக் கிராமங்களில் நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சமூக அறிவியல் சொல்லிக்கொடுத்தவள். ஒரு வருடம் எங்கள் ஏழாம் வகுப்பில் முற்றிலும் பார்வையில்லாத மாணவி ஒருத்தி இருந்தாள். அதே வகுப்பில் போலியோவால் கால் பாதித்து, காலிப்பர் போட்டு நடக்கிற பையன் ஒருவனும் இருந்தான். பெயர்கள் வேண்டாம், இருவரும் இன்று பெரியவர்கள். சுற்றுலாவில் ஓர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனோம். எந்த ஊர் என்பதும் வேண்டாம்.

முக்கியமான கூடம் மாடியில் இருந்தது. பையன்கள் இரண்டு பேர் அவனைத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். பாசத்தில்தான் செய்தார்கள். ஆனால் மேலே போனதும் அவன் என்னிடம் மெதுவாகச் சொன்னான்: “டீச்சர், எறங்கறப்ப நானே உக்காந்து உக்காந்து எறங்கிக்கிறேன். மூட்டை மாதிரி தூக்க வேணாம்னு சொல்லுங்க.” உதவி வேறு, சுயமாகப் போவது வேறு என்பதைப் பன்னிரண்டு வயதுப் பையன் எனக்குச் சொல்லிக்கொடுத்த நாள் அது.

கீழே தாழ்வாரத்தில் ஒரு நடுகல் நிறுத்தியிருந்தார்கள். கையில் வாளோடு வீரன். மாணவியின் கையைப் பிடித்து அதன் மேல் வைத்தேன். வாள் பிடியை அவள் கண்டுபிடித்துவிட்டாள். “டீச்சர், இது கத்தி!” என்று அவள் சொல்லும்போதே காவலர் சத்தம் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். பிள்ளைக்குப் பார்வை இல்லை என்று சொன்னேன். “அப்ப எதுக்கும்மா மியூசியத்துக்குக் கூட்டியாந்தீங்க?” என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. அவருக்குக் கொடுத்திருந்த உத்தரவு அவ்வளவுதான். அவள் என்னிடம் கேட்டாள்: “நான் தொட்டா கல்லு என்ன டீச்சர் ஆகும்?” பல நூறு வருடம் வயலில் மழையிலும் வெயிலிலும் நின்ற கல். மாடு முதுகு சொறிந்திருக்கும். அதற்கு என்ன ஆகிவிடும்?

காவலர் கேட்ட அந்தக் கேள்வி இருக்கிறதே, அதற்கான பதிலை இத்தாலியில் ஒரு தம்பதி கட்டடமாகவே எழுப்பியிருக்கிறார்கள். ஆல்டோ கிராசினி, டேனியலா பொத்தேகோனி. இருவருக்கும் பார்வை இல்லை. இருவருக்கும் பயணம் செய்வதில் பெரிய ஆசை. உலகம் முழுக்கச் சுற்றினார்கள். எந்த நாட்டு அருங்காட்சியகத்துக்குப் போனாலும் “தொடாதீர்”. கடைசியில், நாமே ஒன்று தொடங்கினால் என்ன என்று முடிவு செய்தார்கள். அங்கோனா என்பது அத்ரியாட்டிக் கடற்கரையில் உள்ள துறைமுக நகரம். நகராட்சியும் இத்தாலியப் பார்வையற்றோர் சங்கமும் கைகொடுக்க, 1993-இல் ஓமேரோ தொடு அருங்காட்சியகம் அங்கே பிறந்தது. ஓமேரோ என்றால் ஹோமர், பார்வையற்றவர் என்று மரபு சொல்லும் கிரேக்கப் பெருங்கவி. 1999-இல் இத்தாலிய நாடாளுமன்றம் சட்டம் இயற்றி அதை அரசு அருங்காட்சியகமாக்கியது.

உள்ளே கிரேக்க, ரோமானியச் சிலைகளின் அச்சு வார்ப்புகள், மைக்கலாஞ்சலோவின் சிற்பங்களின் வார்ப்புகள், பார்த்தினான், பாந்தியன் போன்ற கட்டடங்களின் மாதிரிகள், தற்காலச் சிற்பிகளின் அசல் படைப்புகள் எல்லாம் உண்டு. எல்லாவற்றையும் தொடலாம். யாரும் தொடலாம். இந்த “யாரும்” என்பதைக் கவனியுங்கள். 1966-இல் அமெரிக்காவில் வட கரோலினா கலை அருங்காட்சியகத்தில் பார்வையற்றோருக்கென்று தனிக்கூடம் திறந்தார்கள். 1976-இல் லண்டன் டேட் கலைக்கூடத்தில் பார்வையற்றோருக்கான சிற்பக் கண்காட்சி நடந்தது. நல்ல முயற்சிகள்தாம். ஆனால் “உங்களுக்கு அந்த அறை, எங்களுக்கு இந்த அறை” என்கிற வாசனை அவற்றில் கொஞ்சம் இருக்கிறது. தனிக் குவளை என்றால் என்ன என்று தெரிந்த நமக்கு அந்த வாசனை உடனே மூக்கில் ஏறும். ஓமேரோவில் பார்வை உள்ளவர்களும் கண்ணைக் கட்டிக்கொண்டு தடவிப் பார்க்கிறார்கள்.

தொட்டு அறிவது எப்படி நடக்கிறது என்று ஆசிரியர்கள் யோசிக்க வேண்டும். கண் முதலில் முழுமையைப் பார்த்துவிட்டு, பிறகு துண்டுகளுக்குப் போகிறது. கை துண்டுகளிலிருந்து தொடங்கி, மனதில் முழுமையைக் கட்டுகிறது. அதற்கு நேரம் வேண்டும். அதனால்தான் கட்டட மாதிரிகள் முக்கியம். ஏதென்ஸ் போய் பார்த்தினானின் நிஜத் தூணைக் கட்டிப் பிடித்தால் தூணின் பருமனும் அதில் ஓடும் நீள்பள்ளங்களும்தான் தெரியும். மாதிரியில் முன்பக்கம் 8 தூண், பக்கவாட்டில் 17 தூண் என்று விரலாலேயே எண்ணிவிடலாம். இரண்டும் வேண்டும். ஒன்று வரைபடம் மாதிரி, இன்னொன்று ஊர் மாதிரி.

இன்னொரு விஷயம். அந்த அருங்காட்சியகம் இன்று இருக்கும் கட்டடம் மோலே வன்வித்தெல்லியானா. துறைமுகத்தில் செயற்கையாக எழுப்பிய தீவில், ஐந்து பக்கங்களோடு, 1733-இல் லூயிஜி வன்வித்தெல்லி என்ற கட்டடக் கலைஞரின் திட்டப்படி கட்டத் தொடங்கியது. எதற்கு? கப்பலில் வந்த ஆட்களையும் சரக்கையும், கொள்ளை நோய் பயத்தால், ஊரார் தொடாமல் ஒதுக்கி வைப்பதற்கு! அதே சுவர்களுக்குள்தான் இப்போது எல்லாவற்றையும் தொடச் சொல்கிறார்கள்.

ஏதென்ஸைச் சொன்னேன் அல்லவா, அங்கேயும் 1984-இலேயே பார்வையற்றோர் சங்கம் ஒன்று தொடு அருங்காட்சியகம் தொடங்கிவிட்டது. கல்லித்தேயா என்ற பகுதியில். கிரேக்க அருங்காட்சியகங்களில் உள்ள சிலைகள், பாத்திரங்களின் நகல்கள் அங்கே உண்டு.

ஆனால் ஏதென்ஸின் பெரிய சண்டை அக்ரோபொலிஸ் குன்றின் மேல் நடந்தது. குன்றின் பாறையும் பளிங்கும் பல நூற்றாண்டுக் கால்கள் பட்டு வழவழவென்று ஆகிவிட்டவை. நல்ல கால் உள்ளவரே வழுக்கி விழுவார். 2004-இல் ஒலிம்பிக், பாராலிம்பிக் போட்டிகளை ஒட்டி ஒரு மின்தூக்கி வைத்தார்கள். அது அடிக்கடி மக்கர் செய்தது. 2020 டிசம்பர் 3, அதாவது மாற்றுத்திறனாளிகள் நாளன்று, புதிய மின்தூக்கி வந்தது. கூடவே குன்றின் மேல் கான்கிரீட் பாதைகளும் போட்டார்கள். உடனே கொதிப்பு. பாதை தேவைக்கு மேல் அகலம், குன்றின் முகமே மாறிவிட்டது, சுற்றுலாக் கூட்டத்துக்காகப் போட்டுவிட்டு மாற்றுத்திறனாளிகள் பெயரைச் சொல்கிறார்கள் என்று தொல்லியலாளர்கள் பலர் எழுதினார்கள். திட்டத்தை வழிநடத்திய மனோலிஸ் கோரேஸ் சாதாரண ஆள் இல்லை. அக்ரோபொலிஸ் சீரமைப்பில் வாழ்நாள் முழுவதும் உழைத்த கட்டடக் கலைஞர். பாறைக்குச் சேதமில்லாமல் பெயர்த்து எடுத்துவிடலாம் என்பது அவர் தரப்பு.

நான் யார் பக்கம் என்று கேட்பீர்கள். சக்கர நாற்காலிக்குப் பாதை வேண்டும், அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. 2,400 வருடத்துக்கு மேல் அந்தக் குன்று கோயிலாக, தேவாலயமாக, மசூதியாக, வெடிமருந்துக் கிடங்காக எல்லாம் இருந்து பார்த்துவிட்டது. ஒரு பாதையைத் தாங்காதா? ஆனால் அளவு என்று ஒன்று இருக்கிறது. ஒரு நாற்காலி போக, இன்னொன்று எதிரே வர எவ்வளவு அகலம் வேண்டுமோ அவ்வளவு போதும். நாற்காலிக்காரரைக் காட்டிப் பேருந்துக் கூட்டத்துக்கு வழி போடக்கூடாது. அவர்களைக் கேட்டுப் போட்டிருந்தால் பாதி சண்டை வந்திருக்காது என்பது என் எண்ணம்.

நம் நாட்டுக்கு வருவோம். டெல்லி தேசிய அருங்காட்சியகத்தில் 2015-இல் “அனுபவ்” என்ற தொடு கூடம் திறந்தார்கள். 22 நகல்கள், பிரெய்ல் குறிப்புகள், ஒலி வழிகாட்டி. சட்டமும் நம்மிடம் வலுவாகவே இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 29-ஆவது பிரிவைப் படித்திருக்கிறீர்களா? கலையை எல்லோரும் அணுகும்படி செய்ய வேண்டும் என்கிறது. அது மட்டுமல்ல, மாற்றுத்திறனாளிகளின் வரலாற்று அனுபவங்களைச் சொல்வதற்கென்றே ஓர் அருங்காட்சியகம் அமைப்பது பற்றியும் அதில் இருக்கிறது. 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், அணுகுதல் வசதி என்பது “முடிந்தால் செய்யுங்கள்” என்கிற பரிந்துரையாக இருக்கக்கூடாது, கட்டாய விதியாக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கை நடத்தியவர் ரஜீவ் ரத்துரி, பார்வையற்றவர்.

சட்டம் இருந்தாலும் விஷயம் கடைசியில் அளவு நாடாவில்தான் நிற்கிறது. சாய்தளம் போட்டிருக்கிறோம் என்பார்கள். 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்பது கணக்கு. பல இடங்களில் படிக்கட்டின் மேலேயே சிமெண்டைக் கொட்டி வைத்திருப்பார்கள். அதில் நாற்காலியைத் தள்ளினால் ஏறாது, இறக்கினால் நிற்காது. சாய்தளம் சரியாக இருந்தாலும் அதைப் பின்வாசலில், குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைப்பது இன்னொரு வழக்கம். வருகிறவர் விருந்தாளியா, சரக்கா? உட்கார்ந்திருப்பவரின் கண் சுமார் நாலடி உயரத்தில் இருக்கும். பெட்டியின் தட்டு அதற்கு மேல் என்றால் அவருக்குத் தெரிவது தட்டின் அடிப்பாகம்தான். விளக்கை நேர் மேலே மாட்டிவிட்டால் கண்ணாடியில் நம் முகம்தான் தெரியும், பொருள் தெரியாது. என்னைப் போல் கண்புரை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களைக் கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார்கள். பிரெய்ல் எழுத்தைக் கண்ணாடிக்கு உள்ளே வைத்த புண்ணியவான்களும் உலகில் உண்டு. பிரெய்ல் வைத்தால் கடமை முடிந்தது என்பதும் சரியில்லை. பெரிய வயதில் பார்வை இழந்தவர்களில் பலருக்கு பிரெய்ல் தெரியாது. அவர்களுக்குக் குரல் வேண்டும். காது கேளாதவர்களுக்கு அந்தக் குரலால் பயனில்லை, சைகைமொழிக் காணொளி வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கு இரண்டுமே வேண்டாம், நிறுத்தி நிதானமாகச் சொல்கிற ஒரு மனிதர் வேண்டும். இடையில் உட்கார ஒரு பெஞ்சு, பக்கத்தில் அகலமான கதவோடு ஒரு கழிப்பறை. இவை இல்லாமல் மற்றது எதுவும் இல்லை.

இனி கீழடி. வைகைக்கரையில், மதுரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். 2014-15-இல் தொடங்கிய அகழாய்வு. 2023 மார்ச் 5 அன்று செட்டிநாட்டுப் பாணியில் கட்டிய அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அங்கே எது இருக்கிறது, எது இல்லை என்று மதிப்பெண் போட நான் இதை எழுதவில்லை. அந்த மண்ணில் கிடைத்த பொருள்களை வைத்து ஓர் ஆசிரியராக யோசிக்கிறேன்.

கீழடியின் தனிச் செல்வம் எது? தங்கமோ பெரிய சிலையோ அல்ல, பானை ஓடு. அதில் கீறிய தமிழி எழுத்து. “ஆதன்”, “குவிரன்” என்று பெயர்கள். நண்பர்களே, கீறிய எழுத்து என்பது முதலில் விரலுக்குரிய எழுத்து! மையால் எழுதியதைக் கையால் படிக்க முடியாது, கீறியதைப் படிக்கலாம். ஈர மண்ணில் எழுதிச் சுட்டால் கீறலின் ஓரம் மழுங்கி இருக்கும். சுட்ட பிறகு கீறினால் ஓரம் பொரபொரவென்று இருக்கும். இந்த வேறுபாட்டைக் கண்ணைவிட விரல் நுனி நன்றாகவே சொல்லும். அசல் ஓட்டைக் கொடுக்க வேண்டாம். மூன்று மடங்கு பெரிதாக, அதே களிமண்ணில் நகல் செய்து வைக்கலாம். தமிழியில் “க” என்பது ஒரு கூட்டல் குறி. “ட” ஓர் அரைவட்டம். கண் தெரிந்த பிள்ளையும் தெரியாத பிள்ளையும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே நேரத்தில் கற்கக்கூடிய எழுத்து இது.

எழுத்தில்லாத சாதாரண ஓடுகள் அகழாய்வுகளில் கூடை கூடையாகக் கிடைக்கின்றன. அவற்றில் ஒரு தட்டு நிறைய அசலையே கையில் கொடுத்தால் என்ன? கருப்பு-சிவப்புப் பானையின் உட்புற வழவழப்பை விரல் சொல்லும். நிறத்தை விரல் சொல்லாது, அதை நாம் வாயால் சொல்ல வேண்டும். சொல்லும்போது வெறுமனே “உள்ளே கருப்பு, வெளியே சிவப்பு” என்று நிறுத்தாமல், சூளையில் பானையைக் கவிழ்த்து வைத்ததால் உள்ளே காற்றுப் போகாமல் கருப்பாயிற்று என்று சொன்னால் பார்வையில்லாத பிள்ளைக்கும் அது விளங்கும். பார்வை உள்ள பிள்ளைக்கு இன்னும் நன்றாக விளங்கும். எனக்குத் தெரிந்தவரை, ஒருவருக்காக மெனக்கெட்டுச் செய்த பாடம் எதுவும் மற்றவர்களுக்கு வீணாகப் போனதில்லை.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. அந்த நடுகல் சுற்றுலா முடிந்து பள்ளிக்கு வந்த பிறகு, பழைய பானைகள் நான்கை உடைத்து, பள்ளி வளாகத்து மணலில் புதைத்து, பிள்ளைகளை விட்டுத் தோண்டச் சொன்னேன். குழுக் குழுவாக ஓடுகளைப் பொருத்த வேண்டும். வாய்ப்பகுதி ஓடு எது, வயிற்றுப்பகுதி ஓடு எது என்று வளைவைத் தடவியே அந்த மாணவி பிரித்துவிட்டாள். மற்றக் குழுக்கள் “அக்கா, எங்களுக்கும் பாத்துக் குடுங்க” என்று அவளிடம் வந்து நின்றன. தோண்டிய பள்ளத்துக்கு நூல் கட்டி அளந்து, எந்த ஓடு எந்த ஆழத்தில் என்று நோட்டில் எழுதியது காலிப்பர் பையன். எழுத்து மணி மணியாக இருந்தது.

போன மாதம் மானாமதுரைக்கு ஒரு விசேஷத்துக்குப் போனேன். கடம் செய்கிற ஊர், மண்ணை அறிந்த கைகள். தெரிந்த வேளார் ஒருவரிடம், உள்ளங்கை அகலத்துக்குத் தமிழி எழுத்துகளை ஓட்டில் கீறிச் சுட்டுத் தர முடியுமா என்று கேட்டேன். பக்கத்து ஊர்ப் பள்ளிகளில் பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுக்கு என்றேன். அவர் யோசிக்கவே இல்லை. “எழுத்தை வரைஞ்சு குடுங்கக்கா. ஈரத்துல கீறினது ஒரு செட்டு, சுட்டப்புறம் கீறினது ஒரு செட்டு, ரெண்டும் போட்டுர்றேன்” என்றார். கூலி பேச மறுத்துவிட்டார், அதை நான் விடப்போவதில்லை. “ஆதன்” என்பதற்கு மூன்று எழுத்து, “க”, “ட” என்று ஐந்து எழுத்துகளை அட்டையில் வெட்டிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த சூளை அமாவாசை கழித்து வைப்பார்களாம். வெந்து வந்ததும் படம் போடுகிறேன்.